மருத்துவக் கல்வியில் ஊட்டச்சத்துப் பாடம்: குன்னூரிலிருந்து ஒரு வரலாறு

இந்தியாவின் முறையான ஊட்டச்சத்து ஆய்வு நீலகிரியில் பிறந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். நிதி இல்லையென்று 1923இல் மூடப்பட்ட அந்தப் பணி, 1925இல் குறைபாட்டு நோய்கள் ஆய்வாக உயிர்பெற்று, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அன்று எழுந்த கேள்வி ஒன்றுதான்: உணவில் எது குறைகிறது? மருத்துவ மாணவர்களுக்கான ஊட்டச்சத்துப் பாடம் இன்றும் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறது என்பது என் வாதம்.

அந்தக் காலத்துக்கு அது சரியான கேள்வி. ஆலையில் தீட்டிய பச்சரிசி, தவிட்டோடு, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் சத்தையும் இழக்கிறது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் ஓரளவு மிஞ்சுகிறது. புழுங்கலரிசி உண்டவர்களைப் பெரிபெரி அதிகம் தொடாததன் காரணம் இது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை மெக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடத்துக்குப் போனது. பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸும் குன்னூரில் பணிபுரிந்தவர். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். பின்னாளில் ஃபோலிக் அமிலம் அறியப்பட அது வழிவகுத்தது. மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து அளவுகளை அட்டவணையாக்கினார்.

ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதை வழிநடத்தினார். அவரும் சக ஆய்வாளர்களும் 1971இல் தந்த உணவுச் சத்து அட்டவணையைப் பல தலைமுறை மாணவர்கள் புரட்டியிருக்கிறார்கள்.

வகுப்பறையிலோ இந்த அறிவு துண்டாடப்பட்டது. வைட்டமின்கள் உயிர்வேதியியலுக்குப் போயின. உணவுத் திட்டமும் உணவுக் கணக்கெடுப்பும் சமூக மருத்துவத்துக்குப் போயின. நோயாளியின் கட்டிலருகே நடக்கும் பொதுமருத்துவ வகுப்பில் அதற்குரிய இடம் கிடைக்கவில்லை. கண்ணில் தோன்றும் பிடோட் புள்ளி எந்த வைட்டமின் குறைவால் வருகிறது என்று கேட்டால் மாணவர் உடனே சொல்வார். மூன்று வேளையும் சோறு உண்ணும் சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு சோறு, கூட என்ன என்று சொல்ல அதே மாணவர் தயங்குவார். இது மாணவரின் குறையன்று, பாடத்தின் குறை.

நோய்களோ மாறிவிட்டன. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இரத்தசோகையும் நீங்கவில்லை. ஒரே வீட்டில் மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு, தந்தைக்குச் சர்க்கரை என்ற நிலையை மருத்துவர் கையாள வேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகளும் இதில் முன்மாதிரி அல்ல. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 25 மணி நேரம் ஊட்டச்சத்து கற்பிக்க வேண்டும் என்று அந்நாட்டு அறிவியல் கழகம் 1985இல் பரிந்துரைத்தது. 2010இல் வெளியான ஆய்வில் சராசரி 19.6 மணி நேரமே.

2019இல் இந்தியாவில் வந்த திறன்சார் பாடத்திட்டம், உள்ளூரில் கிடைக்கும் உணவையும் குடும்ப வருவாயையும் கருதி உணவுத் திட்டம் வகுக்க மாணவர் கற்க வேண்டும் என்கிறது. நல்ல வரி. ஆனால் அதைக் கற்பனைச் சூழலில் செய்தால் போதும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சேர்க்கை எனக்கு வருத்தம் தருகிறது. கற்பனைக் குடும்பத்துக்குக் கலோரி கூட்டிய மாணவர், காலை வார்டுக்கு ஓடும்போது டீயும் பிஸ்கட்டும் தவிர ஒன்றும் உண்பதில்லை. இரவுப் பணி முடிந்து பரோட்டாக் கடையைத் தேடுகிறார். அவருக்கு அறிவு இல்லாமல் இல்லை. நேரமும் கிடைக்கும் உணவுமே தடை. தன் தட்டில் பழகிப் பார்க்காத அறிவை நோயாளியின் தட்டுக்குக் கொண்டுபோவது கடினம்.

கல்லூரி முதல்வர்களும் சமூக மருத்துவத் துறையினரும் விடுதி மெஸ்ஸின் ஒரு வாரப் பட்டியலை மாணவர்களிடம் கொடுக்கட்டும். அதன் சத்தையும் செலவையும் அவர்களே கணக்கிட்டுத் திருத்தட்டும்; திருத்திய பட்டியலை மெஸ் சமைக்கட்டும். அடுத்து, வார்டில் ஒரு நோயாளிக்கு உணவுச் சீட்டு எழுதுவதையும் தேர்வில் மதிப்பெண்ணுக்கு உரியதாக்குங்கள்.