நம் வீட்டுக்கு அடியில் இருக்கும் ஒன்றேகால் சென்ட்

சென்னையில் 1947 முதல் இயங்கிவந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் இடத்தில், மாநிலம் முழுவதற்குமாக 1961-ல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அன்று வேறு வழி குறைவு. நான் வங்கியில் சேர்ந்த காலத்தில், வீட்டுக் கடன் என்று கவுன்டருக்கு வருபவரே அபூர்வம்; வந்தாலும் கிடைப்பது அரிது. வாரியத்தில் ஒதுக்கீடு கிடைத்து, வருஷக்கணக்கில் தவணை கட்டி, கிரயப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் வாழ்க்கையில் பாதி முடிந்த மாதிரி.

நம் கோவையில் சிங்காநல்லூர் உழவர் சந்தை பக்கம் இருந்த 960 வீடுகள் அப்படி வந்தவைதான். 1980-களில் கட்டியது. காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, குடியிருக்க முடியாத நிலைக்குப் போனது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு பல ஆண்டுகள் இழுத்தது. பலர் சொந்த வீடு இருந்தும் வாடகைக்குப் போனார்கள். பத்திரம் இருக்கிறது, வீடு இல்லை!

இழுத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நமக்கும் பொருந்துவது ஒன்றுதான்: எத்தனை பேர் சம்மதித்தால் இடிக்கலாம்? 1994-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் காலத்தில், நடைமுறையில் எல்லோருமே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் காலமாகி வாரிசுகளுக்குள் வழக்கு, இன்னொருவருக்குக் கோபம். கதை அங்கேயே நின்றுவிடும்.

2022-ல் இயற்றப்பட்டு 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். 960 வீடு என்றால் 640 பேர். 16 வீடு உள்ள கட்டடத்தில் 11 பேர்.

நல்ல மாற்றம்தான். ஆனால் மீதி ஐந்து பேரையும் பார்க்க வேண்டுமல்லவா? அவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருவோமா என்ற பயம் அவர்களுக்கு. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இடைக்கால வாடகையை யார் கொடுப்பது, எத்தனை மாதம், தாமதமானால் என்ன என்பதெல்லாம் இடிக்கும் முன்பே எழுத்தில் வரவேண்டும்.

அப்போது பேரம் பேச நம் கையில் இருப்பது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடம் வருஷா வருஷம் தேய்மானம். மண்ணுக்குத் தேய்மானம் கிடையாது, இது எங்கள் காமர்ஸ் பாடம். 20 சென்ட் மனையில் 16 வீடு, எல்லோருக்கும் சம பங்கு என்றால் ஆளுக்கு ஒன்றேகால் சென்ட், சுமார் 544 சதுர அடி. உங்கள் பத்திரத்தில் எவ்வளவு என்று பார்த்திருக்கிறீர்களா? எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா? கார் நிறுத்துமிடத்துக்குச் சண்டை போடும் நாம் இந்தக் கணக்கை இதுவரை போட்டதில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது பத்திர நகலைக் கொண்டு வாருங்கள், கூட்டிப் பார்த்துவிடலாம்.