மைதானத்து உஸ்தாது: மர்ஹூம் சையத் அப்துர் ரஹீமும் நமதூர் இளைஞர்களும்

 

அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, தெருமுனையில் பந்தும் மட்டையுமாக நிற்கும் நம் பிள்ளைகளைக் காண்கிறோம். "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டுக் கடந்து செல்வதே நம்மில் பலரின் வழக்கம். அக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை இவ்வாண்டு மலரில் சிந்திக்க விழைகிறோம்.

விளையாட்டும் பயிற்சியும் நம் மார்க்கத்திற்கு அந்நியமானவை அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரமும், பயிற்சி பெறாதவற்றிற்குக் குறுகிய தூரமும் வகுக்கப்பட்டன. குறுகிய பந்தயம் முடிவுற்ற இடம் பனூ ஸுரைக் பள்ளிவாசல். பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது நீதியன்று என்னும் நுட்பம் அதில் அடங்கியுள்ளது. பயிற்சியாளனின் தொழிலுக்கு அடிப்படையும் அதுவே.

நம் நாட்டில் அத்தொழில் கல்வியாக மலர்ந்தது சென்னையில்தான். 1919-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர், 1920-இல் அங்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். விளையாடத் தெரிந்தவர் வேறு, விளையாட்டைக் கற்பிக்கத் தெரிந்தவர் வேறு என்பதை நாடு உணரலாயிற்று.

அவ்வுணர்வுக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துர் ரஹீம். 1909-இல் பிறந்த அவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். உடற்கல்வியில் பட்டயமும் பெற்று, தாம் பணியாற்றிய பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். பெரும் செல்வமோ அதிகார பின்புலமோ அவரிடம் இருக்கவில்லை. வகுப்பறையில் பிள்ளைகளை அறிந்த ஓர் ஆசிரியரின் பொறுமையே அவருடைய மூலதனம். மக்கள் அவரை 'ரஹீம் சாஹிப்' என்றழைத்தனர்.

1940-களில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரான அவர், இளைஞர்களுக்காக நடத்திய போட்டிகள் விந்தையானவை. பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்றொரு போட்டி. பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, தோழனுக்குக் கடத்திவிட வேண்டும் என்றொரு போட்டி. உயரம் குறைந்தவர்களுக்கென்றே தனியாக ஒரு போட்டி. பட்டு நெய்யும் நமதூரில் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. குழித்தறியில் அமர்ந்தவருக்கு ஒரு காலும் ஒரு கையும் போதா. இரண்டும் சமமாகப் பழகினால்தான் சேலை உருவாகும். பையனிடம் உள்ள குறையைக் கண்டு அவனை விலக்காமல், அக்குறையையே பாடமாக்கியவர் ரஹீம் சாஹிப்.

1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியை அவர் ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், அவர் பயிற்றுவித்த இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆட, யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றோம். ரஹீம் சாஹிப் துவண்டுவிடவில்லை. காலணி அணிந்தாடும் முறைக்கு நம் கால்பந்து மாறியது. 1956 மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. அவர் பயிற்றுவித்த வரிசையில் தமிழர்களும் உண்டு. 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர் சைமன் சுந்தரராஜ். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின்போது ரஹீம் சாஹிபை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அரசியல் சர்ச்சையால் அரங்கத்துக் கூட்டமும் நமக்கு எதிராக ஆரவாரித்தது. ஆயினும் செப்டம்பர் 4 அன்று, இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1963 ஜூன் 11 அன்று அவர் இறையடி சேர்ந்தார். ஆசியக் கால்பந்துத் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவேயில்லை. ஒரு நல்ல உஸ்தாதின் இடம் வெற்றிடமானால் என்ன நேரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அவரது வாழ்க்கை 2024-இல் 'மைதான்' எனும் இந்தித் திரைப்படமாக வந்தபோதுதான், நம் பிள்ளைகளில் பலர் அவர் பெயரையே கேட்டனர்.

"அது அக்காலம், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இன்று வழியேது?" எனக் கேட்கலாம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வட சென்னையின் எளிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவரைப் பயிற்றுவித்தவர் ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தையே. அவர் தம் பகுதிப் பிள்ளைகளுக்கும் கேரம் கற்பித்து வருபவர். பிழைப்புக்கு ஒரு தொழில், மாலையில் பயிற்சி என்ற வழி இன்றும் அடைபடவில்லை.

ரஹீம் சாஹிபின் காலத்தைவிட இன்று பயிற்சிக் கல்விக்கு வாய்ப்புகள் மிகுதி. 1961-இல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் பட்டயமும் ஆறு வாரச் சான்றிதழும் அளிக்கிறது. தமிழ்நாட்டில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் செயல்படுகிறது. நமக்கு எட்டும் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், இளைஞர் பணியையே பாடமாகக் கற்பிக்கும் இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993 முதல் இயங்கி வருகிறது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர், அணிப் பயிற்சியாளர், இளைஞர் நலப் பணியாளர் என இப்படிப்புகளின் வழியே பணிகள் பல உள்ளன.

ஆயினும் உண்மையை மறைப்பது முறையன்று. இப்பாதையில் தொடக்க வருவாய் குறைவு. நிலையான பணி கிட்டச் சில ஆண்டுகள் ஆகும். ரஹீம் சாஹிபும் ஆசிரியர் பணியை ஊன்றுகோலாகக் கொண்டே மைதானத்திற்கு வந்தார். எனவே பட்டப்படிப்பையோ கைத்தொழிலையோ விட்டுவிட்டு விளையாடுங்கள் என நாம் கூறவில்லை. அவற்றோடு பயிற்றுவிக்கும் கலையையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே கூறுகிறோம்.

ஜமாஅத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. விளையாட்டில் வெல்லும் பிள்ளைக்குச் சால்வை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஆர்வமும் நற்குணமும் உள்ள இளைஞர் இருவரையேனும் தேர்ந்து, அவர்களின் பயிற்சிக் கல்விச் செலவை ஏற்போமாக. கோப்பை அலமாரியில் இருக்கும்; உஸ்தாது மாலைதோறும் மைதானத்தில் இருப்பார். தெருமுனையில் நிற்கும் பையனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் பள்ளிக்குச் சென்றானா, தொழுதானா, தீய பழக்கத்தில் விழாமல் இருக்கிறானா எனக் கேட்க ஒருவர் ஊரில் இருப்பார்.

தறிக்கு வரும் பையனுக்கு முதல் நாளே பட்டுப் பாவைக் கொடுப்பாரில்லை; அறுந்த இழையை முடியக் கற்பித்த பின்னரே கொடுப்பார்கள். நம் இளைஞர்களுக்கு அவ்வாறு பொறுமையோடு கற்பிக்கும் நல்லாசான்களை நமதூரிலேயே உருவாக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.