அரைப்புள்ளி என்னும் வேலி

உண்மை அறியும் குழு ஒன்றின் ஆங்கில அறிக்கையை ஒருமுறை தமிழாக்கிக் கொடுத்தேன். போலீஸ் ஊருக்குள் புகுந்து அடித்தது, ஓர் அரைப்புள்ளி, பிறகு கலவரத்தை அடக்குவதற்காகச் சிலரைக் கைது செய்தது. ஆங்கிலத்தில் அந்த 'அடக்குவதற்காக' வாக்கியத்தின் கடைசியில் இருந்தது. நான் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாகப் படித்து, அதைத் தமிழ் வாக்கியத்தின் தலையில் தூக்கி வைத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த தோழர் கேட்டார்: 'அடிச்சதுக்கும் நீங்களே காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்களே?' 'ஒரு புள்ளிதானே தோழர், விடுங்க' என்றேன். விடக்கூடிய விஷயமல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

அரைப்புள்ளி எழுத்தாளர்கள் கண்டுபிடித்ததல்ல, அச்சுக்கூடத்தில் பிறந்தது. 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் நடத்திய அச்சகம், பியத்ரோ பெம்போவின் எட்னா மலை பற்றிய லத்தீன் நூலில் இதைப் பயன்படுத்தியது. எழுத்துருவை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. ஆங்கிலத்துக்குள் வந்தபின் நெடுங்காலம் இது மூச்சின் கணக்காகவே இருந்தது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், காற்புள்ளியைப்போல் இரு மடங்கு அரைப்புள்ளி, அதைப்போல் இரு மடங்கு முக்காற்புள்ளி என்று சங்கீதத் தாளம்போல் நிறுத்தங்களை அளந்தார். கால், அரை, முக்கால் என்று நாம் வைத்திருக்கும் பெயர்களிலும் இந்த அளவைக் கணக்குதான் இருக்கிறது. பிற்பாடு மூச்சு பின்னுக்குப் போய் இலக்கண உறவு முன்னுக்கு வந்தது. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை அரைப்புள்ளி பக்கத்தில் உட்கார வைக்கிறது, ஆனால் கலந்துவிடாமல். சட்டப் பிரதியில் அது வேலி. கடைசியில் வரும் நிபந்தனை எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதை அந்த வேலி தீர்மானிக்கும்.

1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு அரசுகளும் நூரம்பர்க் நீதிமன்றத்துக்கான சாசனத்தில் கையெழுத்திட்டன. அதன் 6(சி) பிரிவு மானுடத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுத்தது. போருக்கு முன்போ போரின்போதோ குடிமக்களைக் கொல்வது, அடிமையாக்குவது, நாடுகடத்துவது முதலியவை முதல் பாதி. அரசியல், இன, மத அடிப்படையிலான துன்புறுத்தல்கள் இரண்டாம் பாதி. நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் வேறொரு குற்றத்தோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கடைசியில். ஆங்கில, பிரெஞ்சுப் பிரதிகளில் இரண்டு பாதிகளுக்கும் நடுவே அரைப்புள்ளி. ரஷ்யப் பிரதியில் காற்புள்ளி. அரைப்புள்ளியோடு படித்தால் நிபந்தனை துன்புறுத்தலுக்கு மட்டும்தான். காற்புள்ளியோடு படித்தால் கொலைக்கும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 6 அன்று பெர்லினில் ஒரு தனி ஒப்பந்தம் போட்டு அரைப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி வைத்தார்கள். ஓர் அரசு தன் குடிமக்களைக் கொன்றாலும், அது போரோடு தொடர்புடையது என்று நிரூபித்தாக வேண்டும் என்றானது. 1946 அக்டோபர் 1 அன்று முடிந்த தீர்ப்பில், போருக்கு முன் ஜெர்மனியில் யூதர்கள் துன்புறுத்தப்பட்டதை நீதிமன்றம் ஐயமின்றி ஒப்புக்கொண்டது. ஆனால் 1939க்கு முந்தைய செயல்களை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க முடியாது என்றது. 1938 நவம்பரில் எரிந்த யூத ஆலயங்கள் இந்தப் பொது அறிவிப்புக்கு வெளியே நின்றன.

அச்சுப்பிழை திருத்தம்னு இதைச் சொல்லிவிட முடியுமா? லண்டன் பேச்சுவார்த்தையிலேயே அமெரிக்கப் பிரதிநிதி ராபர்ட் ஜாக்சன், தம் நாட்டிலும் சிறுபான்மையினர் சில வேளைகளில் நியாயமற்று நடத்தப்படுவதைச் சொல்லி, போரோடு உள்ள தொடர்பை வலியுறுத்தியிருந்தார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் காலனிகள் இருந்தன. ஸ்டாலினுக்கு முகாம்கள் இருந்தன. அந்த வேலி யாருடைய தோட்டத்தைத் திறந்துவிடும் என்பது நால்வருக்கும் தெரியாததல்ல. எனவே புள்ளிக்கு மாயசக்தி எதுவும் கிடையாது. அதிகாரம் முன்பே எடுத்த முடிவு, நிறுத்தற்குறியின் வழியே பிரதிக்குள் நுழைந்தது, அவ்வளவுதான்.

1998இல் ரோம் சாசனம் போரோடு தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனையை இந்தக் குற்றத்திலிருந்து நீக்கியது. இடையில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது.

அறிக்கையின் அந்த வரியை நான் இரண்டு வாக்கியங்களாக உடைத்துத் திருத்திக் கொடுத்தேன். போலீஸ் அடித்தது, முற்றுப்புள்ளி. கைது செய்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் அடுத்த வாக்கியத்தில். அடித்ததற்கு அவர்கள் காரணம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.