ஆலைத் தொழிலாளரும் மொழி அடையாளமும்: 1970 பரேல் இடைத்தேர்தல்

தொழிலாளர் தம் பொருளியல் நலனைப் புறந்தள்ளிப் பண்பாட்டு அடையாளத்துக்கு வாக்களிக்கின்றனர் என்னும் கருத்து ஆய்வாளரிடையே பெருவழக்காக உள்ளது. பம்பாயின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவின் வரலாறு அக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது.

1928இல் தோன்றிய கிர்ணி காம்கார் சங்கத்தின் வழிச் செங்கொடி வேரூன்றிய பகுதி இது. பரேல் தொகுதியின் பொதுவுடைமைக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 சூனில் கொலையுண்டார். அவ்வாண்டு நடந்த இடைத்தேர்தலில் அவர்தம் துணைவியார் சரோஜினி தேசாய் போட்டியிட்டார். ஆயினும், 1966இல் தோன்றிய சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக் வென்று அக்கட்சியின் முதல் சட்டமன்ற உறுப்பினரானார்.

இதற்குக் காரணங்கள் இரண்டு எனலாம். ஒன்று, மொழியுணர்வை வளர்த்தோருள் பொதுவுடைமையரும் அடங்குவர். 1960 மே 1இல் மகாராட்டிரம் உருவாக வழிவகுத்த சம்யுக்த மகாராட்டிர இயக்கத்தில் எஸ்.ஏ. டாங்கே முன்னின்றார். மாநிலம் அமைந்தபின் அவ்வுணர்வைச் சேனை கைக்கொண்டது. மற்றொன்று, தொழிற்சங்கம் ஆலைக்குள் இருந்தவரின் கூலியைப் பேசியது. சேனையோ அலுவலக வேலை தேடி வெளியே நின்ற அவர்தம் மகனிடம் பேசியது. அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்களை 'மார்மிக்' இதழ் பட்டியலிட்டது. அப்பட்டியலில் மொழியும் பிழைப்பும் ஒன்றாயின. தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரின் கடைகளும் உணவகங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின.

1982 சனவரி 18இல் ஏறத்தாழ 2,50,000 ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டத்தின் தலைவர் தத்தா சாமந்த், 1984 மக்களவைத் தேர்தலில் பம்பாய்த் தென்மத்தியத் தொகுதியில் வென்றார். எனவே, ஆலைத் தொழிலாளர் தம் நலனை மறந்தாரல்லர் என்பதும், அந்நலனை எவர் எவ்வாறு எடுத்துரைத்தார் என்பதற்கேற்பவே அவர்தம் வாக்கு மாறியது என்பதும் புலனாகின்றன.