ஸ்கை தீவின் ஆளில்லாத வெளிகள்

"சித்தப்பா, அங்கை ஒரு சனமும் இல்லை. ஒரே வெளி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மலை. அதுக்காகத்தான் அங்கை ஓடப் போறன்."

லண்டனில் வசிக்கும் எனது அண்ணனின் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கூறிய வார்த்தைகள் இவை. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையோரத்திலுள்ள ஸ்கை தீவின் வடமுனையிலிருந்து தெற்கே புரோட்போர்ட் என்ற சிற்றூர் வரை, ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரத்தை ஒரே மூச்சில் ஓடிக் கடக்கும் ஒரு போட்டியில் அவன் பெயரைப் பதிந்திருந்தான். பாதையில் வழிகாட்டிப் பலகைகள் கிடையாது. ஓட்டக்காரர் வரைபடத்தைப் பார்த்துத் தாமே வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அச்சமயம் நான் லண்டனில் தங்கியிருந்ததால், அவனுக்கு உணவுப் பொதியும் உலர்ந்த காலுறைகளும் கொண்டுசெல்லும் பணி எனக்கும் அவனது நண்பர் ஒருவருக்கும் வந்து சேர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்த பத்திரிகையாளனுக்குப் பேருந்துக்காக ஓடுவதே பெரும்பாடு. எனவே ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அவன் எதன் மீது ஓடினான் என்பதைப் பற்றியே எழுதப்போகிறேன்.

பயணத்துக்கு முன்னர் வழக்கம்போல அந்தத் தீவைப் பற்றிக் கையில் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். 1841ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் ஸ்கை தீவில் சுமார் 23 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2011ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலோ சுமார் 10 ஆயிரம் பேர். பிரித்தானியாவின் சனத்தொகை பல மடங்காகப் பெருகிய காலப்பகுதியில் இத்தீவில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லாமற் போயினர். அண்ணன் மகன் கண்டு மயங்கிய அந்த 'ஒரே வெளி' இயற்கை தந்ததல்ல.

பாதையின் வடபகுதியில் ட்ரொட்டர்னிஷ் என்ற நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்து, பின்னர் சரிந்து, கோபுரங்கள் போலக் கற்றூண்கள் எழுந்து நிற்கும் இடம் அது. சுற்றுலா அட்டைகளில் பலரும் பார்த்திருக்கக்கூடும். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் காத்திருந்தது அதற்குத் தெற்கே, போர்ட்ரீ நகரைத் தாண்டியபின் கடலோரமாக நீளும் பிரேஸ் என்ற கிராமத் தொகுதியில். கடலுக்கப்பால் ராசே தீவு. பின்னால் பென் லீ என்ற மொட்டைக் குன்று. புல்லும் பாசியும் முற்றாக மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகத் திரண்டு உருவான கரிய ஈரமண்ணும், முழங்காலளவு ஹெதர்ப் புதர்களும்தான் அக்குன்றில் உண்டு. அதற்காகவா மனிதர் மோதிக்கொண்டனர் என்று எவரும் வியக்கக்கூடும்.

மோதிக்கொண்டனர். பென் லீ பிரேஸ் மக்களின் மேய்ச்சல் தரையாக இருந்தது. நிலவுடைமையாளரான மக்டொனால்ட் பிரபுவின் நிர்வாகம் 1865இல் அதை அவர்களிடமிருந்து பிரித்து, ஆட்டுப்பண்ணை நடத்திய ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகை முடியும் தறுவாயில் மக்கள் குன்றைத் திருப்பிக் கேட்டனர். மறுக்கப்பட்டதும் 1881இன் இறுதியில் வாடகை செலுத்துவதை நிறுத்தினர். பிரேஸ் ஆண்கள் மீன்பிடிப் பருவத்தில் அயர்லாந்துக் கரைக்குச் சென்று வருபவர்கள். அங்கு விவசாயிகள் நடத்திய நிலப் போராட்டத்தையும் அவ்வாண்டு அவர்களுக்குக் கிடைத்த காணிச் சட்டத்தையும் அறிந்து திரும்பியிருந்தனர். வெளியேற்ற ஆணையுடன் வந்த அதிகாரியை மறித்து, அந்தக் காகிதங்களை அவர் முன்னிலையிலேயே எரிக்க வைத்தனர். சில நாட்களில், 1882 ஏப்ரலில், கிளாஸ்கோ நகரிலிருந்து சுமார் 50 பொலிஸார் கொண்டுவரப்பட்டனர். ஒடுங்கிய கரையோரப் பாதையில் அவர்களைக் கற்களாலும் தடிகளாலும் எதிர்கொண்டவர்களில் பெண்களே முன்னின்றனர். பல பெண்கள் காயமடைந்தனர். கைதான ஐந்து ஆண்களுக்கு இன்வர்னஸ் நீதிமன்றம் தண்டப்பணம் விதித்தது. ஆதரவாளர்கள் அதை உடனே செலுத்தி அவர்களை மீட்டனர். இதனை 'பிரேஸ் சமர்' என்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஓட்டப்பாதை செல்லும் அந்த வீதியோரத்தில் கற்களாலான ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. பின்னர் பென் லீ, வாடகைக்குத்தான் என்றாலும், பிரேஸ் மக்களிடமே திரும்பியது.

இந்த இடத்தில்தான் நம்மவர் அறிந்த ஒரு பெயர் கதைக்குள் வருகிறது. சென்னை சென்றவர்களில் பலர் கூவம் ஆற்றின் மீதுள்ள நேப்பியர் பாலத்தைக் கடந்து மெரீனாவுக்குப் போயிருப்பர். 1869இல் அப்பாலம் கட்டப்பட்டபோது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை அவர் அப்பதவியில் இருந்தார். பிரேஸ் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, சிறு குத்தகைக் குடியானவர்களின் நிலைமையை விசாரிக்கக் கிளாட்ஸ்டன் அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே நேப்பியர்தான்.

ஆணைக்குழு தனது முதலாவது அமர்வை 1883 மே மாதத்தில் பிரேஸிலேயே நடத்தியது. முதல் சாட்சியாக அங்கஸ் ஸ்டுவர்ட் என்ற குடியானவர் அழைக்கப்பட்டார். அவர் சாட்சியம் சொல்லத் தொடங்கவில்லை. தாம் உண்மையைச் சொன்னால் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட மாட்டார் என்ற உறுதியை முதலில் கேட்டார். பிரபுவின் காணி நிர்வாகி அதே மண்டபத்தில் இருந்தார். ஆணைக்குழு அவரை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. அவரிடமிருந்து ஒரு வாக்குறுதியைப் பெற்ற பின்னரே விசாரணை நகர்ந்தது.

இந்தப் பக்கங்களை வாசித்தபோது சற்று நேரம் மேலே செல்ல முடியவில்லை. எனது முப்பதாண்டுத் தொழில் வாழ்க்கையில் குறிப்பேட்டைத் திறந்தவுடன் நான் கேட்ட முதல் வாக்கியம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. "தம்பி, நான் சொல்லுவன். ஆனால் சொன்ன பிறகு எனக்கு ஒண்டும் நடக்காது எண்டு நீர் சொல்லுவீரோ?" என்னால் ஒருபோதும் அந்த உறுதியைக் கொடுக்க முடிந்ததில்லை. பெயரை மாற்றி எழுதுவதைத் தவிர வேறெதுவும் என் கையில் இருக்கவில்லை. நேப்பியரின் ஆணைக்குழு பெயர்களை மாற்றவில்லை. 700க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களை, பெரும்பாலும் கேலிக் மொழியிலிருந்து மொழிபெயர்த்து, கேள்வியும் பதிலுமாக அப்படியே அச்சிட்டது. எழுத்தறியாத கிழவர்கள் தமது பாட்டனின் வயல் எங்கிருந்தது, எந்த ஆண்டில் அது பறிபோனது என்று சொல்வதை இன்றும் வாசிக்கலாம். அரச ஆணைக்குழுக்களின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது. இருப்பினும் இந்தத் தொகுதிகளுக்கு ஒரு விதிவிலக்கு அளிக்கிறேன்.

நேப்பியரின் அறிக்கை 1884இல் வெளிவந்தது. தனித்தனிக் குடியானவனை விட, பொது மேய்ச்சல் தரையுடன் கூடிய கிராம சமூகத்தையே காப்பாற்ற வேண்டும் என்று அது வாதிட்டது. சென்னை மாகாணத்தின் கிராமங்களை ஆறு ஆண்டுகள் பார்த்த மனிதரின் மனம் அதில் வேலை செய்திருக்கும் என்பது எனது ஊகம். அரசாங்கம் அந்த யோசனையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அயர்லாந்துச் சட்டத்தைப் பின்பற்றி 1886இல் ஒரு சட்டத்தை இயற்றியது. குடியானவனை நினைத்தபடி வெளியேற்ற இயலாது, நியாயமான வாடகையை ஒரு தனிக் குழு தீர்மானிக்கும் என்றது அச்சட்டம். அதற்கு முன்னரே பறிபோன நிலங்களை அது திருப்பிக் கொடுக்கவில்லை.

பிரேஸிலிருந்து பாதை கடற்கழியை ஒட்டி ஸ்லிகாகன் செல்கிறது. இடப்புறம் நீர், வலப்புறம் பென் லீ. எதிர்க்கரையில் 775 மீற்றர் உயரமான கிளாமெய்க், சரளைக் குவியல் போன்ற கூம்பு மலை. 1899இல் ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரியுடன் இங்கு வந்த ஹர்கபீர் தாபா என்ற கூர்க்கா வீரர், ஸ்லிகாகன் விடுதியிலிருந்து அந்த மலையுச்சிக்கு வெறுங்காலுடன் ஓடித் திரும்பினார். அந்த வேகத்தை உள்ளூர்ப் பிரபு ஒருவர் நம்ப மறுத்ததால் மீண்டும் ஓடிக் காட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. ஏற 37 நிமிடம், இறங்க 18 நிமிடம். அந்தச் சாதனை 1980கள் வரை நிலைத்தது. விலையுயர்ந்த சப்பாத்துகளுடன் வந்து சேர்ந்த அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ரசிக்கவில்லை. காலுறையை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

பாதையின் கடைசிப் பகுதிக்கு வாகனம் போகாது. அங்குதான் சுஷ்னிஷ், போரரெய்க் என்ற இரு கிராமங்கள் இருந்தன. உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்த 1846இன் பஞ்சத்துக்குப் பின்னர், கடனில் மூழ்கிய மக்டொனால்ட் பிரபுவின் சொத்துகள் பொறுப்பாளர் குழுவொன்றின் கைக்குச் சென்றன. மனிதரை விட ஆடுகளால் வருமானம் அதிகம் என்பது அவர்களின் கணக்கு. 1853இல் இரு கிராமங்களும் காலியாக்கப்பட்டன. எதிர்த்து நின்ற மூவரை இன்வர்னஸில் வழக்கிட்டபோது நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் வீடு திரும்பினர். பனிக்காலத்தில் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். அக்காலத்தில் அப்பகுதியில் பாறைகளை ஆராய்ந்து திரிந்த ஆர்ச்சிபால்ட் கெய்க்கி என்ற இளைஞர் ஒரு மாலையில் தொலைவிலிருந்து வந்த ஓலத்தைக் கேட்டார். நடக்க முடியாத முதியோரை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊரே ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற நிலவியல் அறிஞரான அவர், அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1904இல் வெளியான தமது நினைவுக் குறிப்புகளில்கூட அந்த ஒலியை மறக்காமல் பதிவு செய்தார்.

அந்த ஆண்டுகளில் ஸ்கை தீவிலிருந்தும் அயற்பகுதிகளிலிருந்தும் சுமார் 5 ஆயிரம் பேரை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய சங்கத்தின் தலைவர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். இவர் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின்போது திறைசேரியில் நிவாரணப் பொறுப்பை வகித்தவர். 1859இல் இவரும் சென்னை ஆளுநரானார். மக்களைக் கப்பலில் அனுப்பியவர் ஒருவர், எஞ்சியவர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதியவர் இன்னொருவர். ஒரே நாற்காலியில் இருவரும் அமர்ந்திருக்கின்றனர்.

2003ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் ஸ்கொட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் ஓடவும் உரிமை உண்டு என்றது. நல்ல சட்டம். அண்ணன் மகனை எவரும் மறிக்கவில்லை.

மே மாதத்தின் கடைசி வாரம். இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. அதற்கு நெடுநேரத்துக்குப் பிறகே அவன் புரோட்போர்ட் வந்து சேர்ந்தான். முழங்கால் வரை கரிய சேறு. மறுநாள் காலை உணவின்போது, சுஷ்னிஷில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கூரையில்லாத சில கற்சுவர்கள், செம்மறி ஆடுகள், புல்லுக்கடியில் வரிவரியாகப் பழைய பாத்தி மேடுகள் என்றான். ஒரு சுவரின் வாசலில் கிடந்த தட்டைக் கல்லில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் போன சரளையைத் தட்டினானாம். வசதியான உயரம், உட்காருவதற்கென்றே போட்டதுபோல இருந்தது என்றான்.

கதையைச் சொன்னேன். அவன் கைபேசியைத் திறந்து, முந்தைய நாள் தான் ஓடிய பாதை பதிவாகியிருந்த வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினான். நான்கு நிமிடம் நின்றிருக்கிறான்.