நாய் விடுதிக்குள் நுழைந்த நோய்கள்

மே மாதத்தில் சேலத்து வெயில் தாங்காமல் ஏற்காட்டு மலையேறும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அவர்களுக்கு ஒரு சிக்கல். நாயையும் அழைத்துப் போவதா, விடுதியில் விட்டுப் போவதா? விடுதியில் விடுவதென்றால், நல்ல விடுதிக்காரர் முதலில் கேட்பது நாயின் பெயரை அன்று; தடுப்பூசிச் சீட்டைத்தான். இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

பல நாய்களை ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன நேரும் என்பதை ஆங்கிலேயர் தம் வேட்டை நாய்ப் பட்டிகளில் கண்டனர். நம் உதகையில்கூட நரி வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கொண்டுவந்து பட்டி வைத்திருந்தனர். அங்கெல்லாம் அஞ்சப்பட்ட நோய் டிஸ்டெம்பர். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், இருமல், பேதி, பிறகு வலிப்பு. ஒரு குட்டிக்கு வந்தால் பட்டி முழுதும் பரவிவிடும்.

பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் கிருமியே இதற்குக் காரணம் என்று 1905இல் பிரெஞ்சு அறிஞர் காரே கூறினார். பலர் நம்பவில்லை. 1910இல் அமெரிக்கரான பெர்ரி, நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே குற்றவாளி என்றார். யார் சொல்வது சரி?

இதைத் தீர்க்க, இந்நோயை ஒருபோதும் சந்தித்திராத நாய்கள் வேண்டும். அவை எங்கே கிடைக்கும்? 1920களில் இங்கிலாந்தில் 'தி பீல்டு' என்ற இதழ் நிதி திரட்டித் தந்தது. லண்டனை அடுத்த மில் ஹில்லில் லெய்ட்லா, டன்கின் என்னும் இருவர், வெளியுலகத் தொடர்பே இல்லாத நாய் வளாகம் ஒன்றை அமைத்தனர். பணியாளர் குளித்து, உடை மாற்றிய பிறகே உள்ளே நுழையலாம். குட்டிகள் அங்கேயே பிறந்து வளர்ந்தன. கீரியைப் போன்ற உருவமுடைய பெரட் என்னும் பிராணிக்கும் இந்நோய் எளிதில் தொற்றியதால், ஆராய்ச்சி விரைந்தது. காரே சொன்னதே சரி. காரணம் ஒரு வைரஸ். 1920களின் முடிவிற்குள் தடுப்பூசியும் உருவாயிற்று. (பெரட்டுடன் பழகிய அனுபவம் வீண்போகவில்லை. 1933இல் லெய்ட்லாவும் இரு தோழர்களும் மனிதரின் இன்புளூயன்சா வைரஸைப் பிரித்தது இப்பிராணியின் உதவியால்தான்!)

பெர்ரி கண்ட பாக்டீரியாவும் சாதுவன்று. இன்று அது போர்டடெல்லா எனப்படுகிறது. விடுதி நாய்களுக்கு வரும் வறட்டிருமலுக்கு முக்கியக் காரணங்களுள் அதுவும் ஒன்று. காற்றோட்டமில்லாத ஈரக் கொட்டிலில் இருமல் எளிதில் பரவும். பனிமூட்டம் மிகுந்த மலையூர்களில் குளிருக்கஞ்சிச் சன்னலையெல்லாம் சாத்திவைப்பது நாய்க்குச் செய்யும் உதவியாகாது.

டிஸ்டெம்பர் அடங்கியது என்று எண்ணிய வேளையில், 1978இல் புதியதொரு நோய் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலைகாட்டியது. கடும் வாந்தி, இரத்தப் பேதி; குட்டிகள் இரண்டு மூன்று நாட்களில் மடிந்தன. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவான பார்வோ வைரஸ் அது. நாய்க்கென்று தடுப்பூசி வரும்வரை பூனைக்குரிய தடுப்பூசியையே போட்டுச் சமாளித்தார்கள்! 1980களின் தொடக்கத்தில் சென்னையிலும் இந்நோய் கண்டறியப்பட்டது.

இரண்டு வைரஸ்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. டிஸ்டெம்பர் வைரஸைச் சுற்றிக் கொழுப்புறை இருக்கிறது. சோப்பும் வெயிலும் அதை எளிதில் அழித்துவிடும். பார்வோவுக்கு அந்த உறை இல்லை. எனவே அது மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீருக்குப் பணியும். அதையும் சாணம், அழுக்கு ஆகியவற்றைக் கழுவி அகற்றிய பிறகே ஊற்ற வேண்டும். அழுக்கின்மீது ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கோடு போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வோ தொற்றி, நோய் வெளிப்படச் சில நாட்கள் ஆகும். மூன்று நாள் ஏற்காட்டில் தங்கித் திரும்பும் நீங்கள், துள்ளிக் குதிக்கும் நாயை விடுதியிலிருந்து அழைத்துவருவீர்கள். அடுத்த வாரம் அது சோறு உண்ண மறுக்கும். பதினாறு வார வயதுக்குட்பட்ட குட்டிகளுக்கு அபாயம் இன்னும் அதிகம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பிறகும், தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் சில காலம் குறுக்கே நிற்கும். அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். அந்த வரிசை முடியாத குட்டியை, விடுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அங்கே விடாதீர்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.