குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும் அப்பா கேட்ட கேள்வியும்

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் நம்ம ஸ்பைடர்! கூர்மையான காது, கூர்மையான மண்டை, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு. இங்கிலாந்தில் ரெபெல்லியன் என்ற பதிப்பகத்தார் 2021-ல் 'தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் கிரைம்' என்று பழைய கதைகளைத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். செம்பூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஐம்பது வயசில் பொம்மைப் புத்தகமா என்று தங்கமணி பார்த்த பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன் :-)

பையன் எட்டிப் பார்த்து, "அப்பா, இவன் ஹீரோவா வில்லனா?" என்றான். அவ்வளவுதான், கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1965-ல் லண்டனில் வந்துகொண்டிருந்த 'லயன்' என்ற சிறுவர் வார இதழில்தான் ஸ்பைடர் பிறந்தான். கதை டெட் கோவன், படம் ரெஜ் பன். உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகவேண்டும், இதுதான் அவன் லட்சியம். அதற்காக ஆள் சேர்க்கிறான். பூட்டு உடைப்பதில் கில்லாடியான ஆர்டினி, கருவிகள் செய்துதர விஞ்ஞானி பெல்ஹாம். வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார் என்று சாமான்களுக்குக் குறைவில்லை. துரத்தும் போலீஸ்காரர்கள் கில்மோரும் டிராஸ்க்கும் எப்போதும் ஒரு அடி பின்னால்தான். காப்பாற்ற வரும் சூப்பர் ஹீரோ யாரும் கிடையாது. நாம் யார் பக்கம் நிற்பது? வேறு வழியில்லை, கொள்ளைக்காரன் பக்கம்தான்.

முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சேர்ந்து 1933-ல் வெளியிட்ட கதையில் சூப்பர்மேன் ஒரு வில்லன். அப்புறம்தான் அவனை நல்லவனாக மாற்றினார்கள். 1938-ல் இருவரும் அவனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது, படைத்தவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள். அந்த சீகல் கையில் ஸ்பைடரும் மெல்ல மெல்லத் தன்னைவிடப் பெரிய வில்லன்களோடு மோதுகிறவனாக மாறினான்.

தமிழுக்கு இவனைக் கொண்டுவந்தது சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. (மாயாவியும் முதல் கதையில் திருடன்தான், ஞாபகம் இருக்கா?) 1984-ல் விஜயன் ஆசிரியராக லயன் காமிக்ஸ் வந்தது. அந்த வருஷமே 'எத்தனுக்கு எத்தன்' கதையில் ஸ்பைடர் தமிழ் பேசினான்.

நாங்கள் அப்போது தாராவியில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே தோல் பட்டறையில் வேலை. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது திருநெல்வேலியில் வாங்கிய காமிக்ஸ்கள் டிரங்குப் பெட்டியில் முறுக்கு, கருப்பட்டிக்கு அடியில் பம்பாய் வந்து சேரும். சந்துப் பசங்க அத்தனை பேரும் சுற்றில் விட்டுப் படித்து, அட்டை கிழிந்து திரும்பி வரும். ஸ்பைடர் விளையாட்டில் ஆர்டினியாக நான் முந்தி நீ முந்தி. போலீஸாக இருக்க மட்டும் ஒருத்தனும் வரமாட்டான்.

அதில் ஆச்சரியமும் இல்லை. தாராவி, மாதுங்கா பக்கம் பெரியவர்கள் வாயிலும் ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது: வரதராஜ முதலியார். வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்து, மதுவிலக்கு நாட்களில் சாராயத்தில் வளர்ந்தவர். மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதி பந்தல் ஊர் அறிந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் தெய்வம். 1987-ல் 'நாயகன்' வந்தது. 1988 ஜனவரியில் அவர் சென்னையில் இறந்துபோனார். நல்லவரா கெட்டவரா என்பது எங்களுக்கு சினிமாவில் வந்த கேள்வி மட்டும் இல்லை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் பேசுகிற பேச்சு.

அப்பா படிக்காதே என்று சொல்கிறவர் இல்லை. ஒருநாள் ஸ்பைடர் புத்தகத்தை வாங்கி, எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தார். அப்புறம், "ஏல, இவன் அள்ளிட்டுப் போறானே, இந்த நகை எல்லாம் யாருக்குள்ளது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மாசம்தான் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் கள்ளச்சாராயம் குடித்துச் செத்திருந்தார். எந்த அடுப்பில் காய்ச்சியதோ, யார் விற்றதோ, கடைசிவரை யாருக்கும் தெரியாது. அந்த அக்காவின் கம்மலும் சங்கிலியும் அதற்கு முன்னாலேயே அடகுக்கடைக்குப் போயிருந்தன. காரியச் செலவுக்கு வீடுவீடாகப் போய்ப் பணம் பிரித்தவர் அப்பா.

இப்போது திரும்பப் படிக்கும்போது அந்தக் கேள்வி பக்கத்துக்குப் பக்கம் கூடவே வருகிறது. கோவன் எழுதிய ஆரம்பக் கதைகள்தான் இன்னமும் விறுவிறுப்பு. ஸ்பைடரின் தலைக்கனமும், எப்போது அவன் காலை வாரலாம் என்று காத்திருக்கும் கூட்டாளிகளும் அருமை. ரெஜ் பன்னின் கோடுகள் இருட்டையே ஒரு பாத்திரமாக ஆக்கிவிடுகின்றன. சீகல் காலத்தில் கற்பனை கரைபுரளுகிறது, ஆனால் ஸ்பைடர் ரொம்ப சுலபமாக நல்லவனாகிவிடுகிறான். பழைய பாக்கியை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் பாக்கி என்றால் என்னவென்று சீகலைவிட அறிந்தவர் யார்? 1975-ல்தான் வருஷத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேனைப் படைத்தவர்கள் என்று பெயர் போடுவதும் கிடைத்தது. முப்பத்தேழு வருஷம் கழித்து!

பையனிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். படிக்கட்டும், நன்றாகவே சிரிக்கட்டும். தாத்தா கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொல்லிவைத்தேன்.

நேற்று ஊருக்கு போன் பண்ணினேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். "ஸ்பைடர் புத்தகம் வந்திருக்குப்பா" என்று கத்திச் சொன்னேன்.

"அந்தப் பயலா?" என்றார். "நகையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டானாமால?"